லேசான காற்றுக்குப் பெரியவர்

நம் ஷெட்டில் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கும் பைகளிலேயே ஒல்லியான பை ஒன்று இருக்கிறது. அதன்மேல் கறுப்பு மார்க்கரால் 'பெரியவர்' என்று எழுதியிருக்கிறது. இருப்பதிலேயே கனம் குறைந்த கைட்டுக்கு ஏன் அந்தப் பேர் என்று புதிதாக வருகிற எல்லோரும் கேட்கிறீர்கள். என்னோடு கைட் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற மதியிடம் கேட்டால் சிரித்துவிட்டு, "அஞ்சலையக் கேளு" என்று நழுவிவிடுவான். நான் இந்த வாரத்தோடு போகிறேன். அதனால் எழுதிவைத்துவிட்டுப் போகிறேன்.

முழங்கால் ஜவ்வு கிழிந்தவள் இனி பலகையில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முப்பது வயதுகூட ஆகவில்லை, அதற்குள் 'ஓய்வு பெற்றவர்' என்று எனக்குச் சால்வை போடப் போகிறீர்களாம். போடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். நெல்லிக்குப்பத்துக்குப் பக்கத்தில் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவருடைய மகள் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள். சிதம்பரத்தில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தேன். கடலூர் கடற்கரையில், கைட் என்கிற காத்தாடி இழுக்கப் பலகைமேல் நின்று கடலில் போவதற்குச் சொல்லிக்கொடுக்கிற இந்த இடத்துக்கு ஆபீஸ் வேலைக்கென்று வந்து, அடுத்த சீசனில் தண்ணீரில் நின்றேன். "பொம்பளப் புள்ள காத்தாடி உட்டுச் சம்பாதிக்குது" என்று ஊரில் சிரித்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கே பிறகு நான் நீச்சல் சொல்லிக்கொடுத்தேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

காற்று குறைந்தால் பெரிய கைட்டை எடு. இந்தத் தொழிலில் முதலில் கற்பது இதுதான், முதலில் ஏமாறுவதும் இதில்தான். நம்மிடம் இருக்கும் பதினேழு சதுர மீட்டர் கைட்டை நீங்கள் தூக்கிப் பார்த்திருப்பீர்கள். காற்றடைத்த குறுக்குக் குழாய் அதில் ஐந்து. சீராக வீசும் லேசான காற்றில் அது யானை மாதிரி இழுக்கும், மறுக்கவில்லை. ஆனால் நம் கரையில் லேசான காற்று சீராக வீசுவதில்லை. விட்டு விட்டுத்தான் அடிக்கும். அந்த விட்ட நேரத்தில் கைட்டைப் பிடித்துவைக்க யாரும் இல்லை, அதன் கனம் மட்டும்தான் இருக்கிறது. கனமானது விழும். விழுந்தால் நனையும். நனைந்தால் மறுபடி எழும்பாது. ஆகவே லேசான காற்றுக்குக் கைட் வாங்கும்போது எத்தனை மீட்டர் என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை கிலோ என்று கேளுங்கள். துணி மெல்லியதா, குழாய் எத்தனை என்று பாருங்கள். வாங்கிய பிறகு கரையில் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். தலைமுடி மட்டும் அசைகிற காற்றிலும் அது கையில் மிதக்க வேண்டும்.

முதலாளி கேட்டலாக்கை என்னிடம் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது இதையெல்லாம் பார்த்துத்தான் அந்த ஒற்றைக் குழாய் கைட்டை வரவழைத்தேன். பதினேழைவிடச் சிறியது, பாதிக் கனம்கூட இல்லை. ஷெட்டில் எல்லோரும் அதை 'லேசு' என்று கூப்பிட ஆரம்பித்தோம். பதினேழை எடு, பன்னிரண்டை எடு, லேசை எடு. அந்தப் பேரில் ஒரு ஆபத்து இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

2011 ஜூலையில் வகுப்பு நடத்த இரண்டாவது இடம் ஒன்று பார்த்தோம். சிதம்பரத்துக்குக் கிழக்கே ஒரு மீனவ ஊர். மதி அந்த ஊர் மாப்பிள்ளை, கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவன் மாமனார் ஊர்ப் பஞ்சாயத்தில் ஒருவர். ஊரில் அவரைப் பெரியவர் என்பார்கள். அவர் ஒன்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. "என்னா ஏதுன்னு ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்க. பாத்துட்டுச் சொல்றம்" என்று அவர் சொல்லியிருந்தார்.

கைட்டுகளைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் மாட்டி, மதியம் தாண்டித்தான் போய்ச் சேர்ந்தோம். முதலாளி புதுச்சேரியில் தங்கிவிட்டார். கரைப் பொறுப்பு என்னுடையது. ஊரே கூடியிருந்தது. பெண்கள் வலைக் குவியல்கள் பக்கம் நின்றார்கள், ஆண்கள் படகுகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். தென்கிழக்கிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. ஆனால் அது மூச்சு வாங்குகிற ஆள் மாதிரி நின்று நின்று வந்தது.

நான் பதினேழுக்கும் லேசுக்கும் காற்று அடித்துவைத்துவிட்டு, வழக்கமாக ஷெட்டில் சொல்வது போலவே சொன்னேன்.

"மதி, லேசா இருக்கறத எடுத்துக்க."

படகுமேல் உட்கார்ந்திருந்த சேகர் காதில் அது விழுந்தது. சேகர், மதியின் மனைவி செல்விக்கு அண்ணன்.

"இன்னா மாப்ள, உனக்கு மட்டும் லேசாப் பாத்துக் குடுக்கச் சொல்றாங்களா? கஷ்டமானத அந்தப் பொண்ணே ஓட்டுமாமா?"

படகுகளில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒருவன், "புது மாப்ள, கையில மருதாணி இன்னும் காயல, உடுறா" என்றான். மதியும் சிரித்தான். ஆனால் அவன் காது சிவந்துவிட்டது. குனிந்து பதினேழைத் தூக்கினான்.

நான் கிட்டே போனேன். "காத்து நின்னு நின்னு வருது மதி. அது விழுந்துடும்."

"ஒண்ணும் ஆவாது."

"கனத்தச் சொன்னேன்டா நானு. லேசுன்னா சுலபம்னு சொல்லல."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்." குரலைத் தாழ்த்தினான். "அஞ்சல, இங்க வச்சு வேணாம். எம் மாமனார் பாத்துட்டு நிக்கறாரு. அந்த லேசுல மெதுவாப் போவலாம், குதிக்க முடியாது. மெதுவாப் போறதப் பாக்கவா இவ்ளோ பேரு வந்திருக்காங்க?"

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். தடுக்க எனக்கு அதிகாரம் இருந்தது. அந்த நேரத்துக் காற்று பதினேழைத் தாங்கக்கூடியதாகவும் இருந்தது. மாமியார் ஊரில், அத்தனை பேர் முன்னால், அவன் கையிலிருந்து நான் கைட்டைப் பிடுங்கினால் அவன் அதற்குப் பிறகு என் பேச்சைத் தண்ணீரில் கேட்பானா என்பது இன்னொரு கணக்கு. தண்ணீரில் பேச்சைக் கேட்காதவனை அனுப்புவது இன்னும் மோசம். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: அலை உடைகிற இடத்தைத் தாண்டக் கூடாது. தலையாட்டிவிட்டுப் போனான்.

நன்றாகத்தான் ஓட்டினான். அலைக்கு உள்ளேயே நாலைந்து தடவை போய்வந்தான். ஒரு தடவை ஆளுயரம் குதித்தான். கரை முழுக்கச் சத்தம். சேகரே எழுந்து நின்று விசில் அடித்தான். அந்த விசில்தான் மதியை இன்னும் கொஞ்ச தூரம் கூட்டிப் போயிருக்க வேண்டும். அடுத்த முறை அவன் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. அலையைத் தாண்டி நேரே போனான்.

நான் கையைத் தலைக்கு மேல் தூக்கித் திரும்பச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தபோது என் முதுகில் வெயில் மறைந்தது. திரும்பிப் பார்த்தேன். மேற்கே, சிதம்பரம் பக்கம், மதியம் இல்லாத மேகம் இப்போது கருகருவென்று எழும்பி நின்றது. கோடை முடிந்த பிறகு நம் பக்கம் மாலையில் இடி மழை வருகிற விதம் உங்களுக்குத் தெரியும். முதலில் கடல் காற்று செத்துவிடும். கொஞ்ச நேரம் ஒன்றுமே இருக்காது. பிறகு மேற்கேயிருந்து ஒரே அடியாக அடிக்கும், கரையிலிருந்து கடலைப் பார்த்து.

கடல் காற்று செத்தது. பதினேழு ஆகாயத்தில் ஒரு கணம் தயங்கி, பின்னோக்கி மடங்கி, தண்ணீரில் விழுந்தது.

கரையில் சிரித்தார்கள். அவர்களுக்கு அது வேடிக்கை. கைட் விழுவது எனக்கும் பெரிய விஷயம் இல்லை. விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மதிக்குத் தெரியும்: கைட்டின் நூலை, அந்த லைனை, பிடிக் கம்பியான பாரில் சுற்றிக்கொண்டே கைட்டிடம் போய், அதைப் படகு மாதிரி பிடித்துக்கொண்டு மிதக்க வேண்டும். நான் அவன் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை சுற்றவில்லை. ஒரு கை தண்ணீருக்கு அடியில் இருந்தது. பிறகு மற்றதும் உள்ளே போனது. குனிந்து எதையோ அவிழ்க்கிற மாதிரி தலை தண்ணீருக்குள் போய்ப் போய் வந்தது.

லைன் காலில் சுற்றியிருக்கிறது.

இப்போது மேற்குக் காற்று வந்து, விழுந்து கிடக்கிற அந்தப் பெரிய துணியை நிரப்பினால், மெல்லிய அந்த லைன் அவன் காலில் எவ்வளவு ஆழம் இறங்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"போட்டத் தள்ளுங்க!" என்று கத்தினேன். சேகர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தான். சுனாமிக்குப் பிறகு வந்த ஃபைபர் படகு அது, மணலில் ஏற்றி வைத்திருந்தார்கள். மாமனார் உட்பட ஆறேழு பேர் தோள் கொடுத்தார்கள். நான் ஓடிப்போய் விளிம்பைப் பிடித்து ஏறப் போனேன். மாமனார் கையை நீட்டித் தடுத்தார்.

"நீ வேணாம்மா. பொம்பள போட்டுல ஏறக் கூடாது."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் துணியை எடுக்க வேண்டும் என்கிற மாதிரி சொன்னார். வாதாட நேரம் இல்லை.

"சரி, ஏறல. ஆனா கரப் பக்கமா அவங்கிட்டப் போவாதீங்க! அவனுக்கும் காத்தாடிக்கும் நடுவுல லைனு கெடக்குது. கண்ணுக்கே தெரியாது. என்ஜின் விசிறில மாட்டுனா அவன இழுத்துரும். சுத்திக்கிட்டு அந்தப் பக்கமாப் போயி என்ஜின நிறுத்துங்க!"

சேகர் கயிற்றை இழுத்து என்ஜினைக் கிளப்பினான். நான் சொன்னதில் பாதி அந்தச் சத்தத்தில் போய்விட்டது. அவன் முகத்தைப் பார்த்தேன். மாப்பிள்ளை தத்தளிக்கிறான், போய்த் தூக்க வேண்டும், அவ்வளவுதான் அதில் இருந்தது. படகு முதல் அலையில் முட்டிப் பின்வாங்கியது. மறுபடி தள்ளினார்கள்.

மணலில் லேசு கிடந்தது, நான் காற்று நிரப்பி வைத்தபடியே.

கைட்டை மாட்டுகிற இடுப்புப் பட்டையை, ஹார்னெஸை, இறுக்கினேன். கைட்டைப் பிடித்துத் தூக்கிவிட ஒரு ஆள் வேண்டும். திரும்பினால் செல்வி நின்றாள், புடவையைச் செருகிக்கொண்டு.

"எப்படிப் பிடிக்கணும்னு எனக்குத் தெரியும். அவரு காட்டியிருக்காரு."

"பிடி. நான் தலையாட்டுனா உடு. தள்ளாத, உட்டாப் போதும்."

"காத்தே இல்லியே அக்கா, இது நிக்குமா?"

அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். காற்று முற்றாகச் சாகவில்லை. வலது கன்னத்தில் ஏதோ பட்டது, மயிரிழை அளவு. லைன் இறுகும்வரை பின்னால் நடந்தேன். செல்வி கையிலேயே கைட் மிதக்க ஆரம்பித்தது. விழ வேண்டிய இடத்தில் அது விழவில்லை. தலையாட்டினேன். கையை விரித்தாள். லேசு மேலே போனது.

போகலாமா என்பது அதற்குப் பிறகும் ஒரு கேள்விதான். ஒருவன் ஆபத்தில் இருக்கும்போது இரண்டாவது ஆள் இறங்கி ஆபத்தை இரண்டாக்கக் கூடாது என்று உங்களுக்கு நான்தான் பாடம் எடுத்திருக்கிறேன். அது உண்மை. நான் அவனைக் கரைக்கு இழுத்துவரப் போகவில்லை, அது என்னால் முடியாது. படகை நிறுத்தப் போனேன். மேற்குக் காற்று அடித்த நொடியில் கைட்டைக் கழற்றி விட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டு, கையை ரிலீஸ் மேலேயே வைத்தபடி போனேன்.

நான் எடுத்தது பெரிய பலகை. நானும் எடை குறைந்தவள். நீரோட்டம் அவனை வடக்கே தள்ளியிருந்ததால் காற்றை எதிர்க்க வேண்டியிருக்கவில்லை, அதோடு போனால் போதும். கைட்டை நிற்க விடாமல் மேலும் கீழும் எட்டுப் போடுவது போல ஓட்டிக்கொண்டே இருந்தேன். இரண்டு இடத்தில் காற்று அடியோடு நின்றது. என் பலகை தண்ணீரில் அமிழ்ந்தது, இடுப்புவரை நனைந்தேன். கைட் விழவில்லை. காய்ந்த இலை மாதிரி அங்கேயே தொங்கியது. மறுபடி அந்த மயிரிழை வந்தது, மறுபடி எழுந்தேன்.

இடது பக்கம் படகு அலையைத் தாண்டிவிட்டது. மூக்கு நேராக மதியைப் பார்த்து, கரைப் பக்கமாகவே வந்துகொண்டிருந்தது. மதி அதைப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் ஆட்டினான், வராதே என்று. சேகர் அதை 'சீக்கிரம் வா' என்று எடுத்துக்கொண்டான். என்ஜின் சத்தம் கூடியது.

கத்திப் பிரயோஜனம் இல்லை. நான் பாரை இழுத்துக் கைட்டைக் கீழே இறக்கினேன். தண்ணீருக்கு மேல் ஆளுயரத்தில், படகின் மூக்குக்கு முன்னால் குறுக்கே ஓட்டினேன். கனமான கைட்டாக இருந்தால் அந்த உயரத்தில் அந்தக் காற்றில் அப்படியே தண்ணீரில் குத்தியிருக்கும். இது சேகரின் முகத்துக்கு முன்னால் சுவர் மாதிரி நின்றது. சேகர் பதறி என்ஜினை அணைத்தான்.

"கண்ணு தெரியலியா உனக்கு, மேல உடற!"

"லைனு! உன் மூக்குக்கு முன்னாடி லைனு கெடக்குதுய்யா! துடுப்புப் போடு! சுத்திக்கிட்டு வா!"

மாமனார் எட்டிப் பார்த்தார். படகின் மூக்குக்கு ஒரு கை தூரத்தில், தண்ணீருக்கு அடியில், மஞ்சள் நூல் அசைந்துகொண்டிருந்தது. வலைக்காரருக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. துடுப்பை அவரே எடுத்தார்.

என் வேலை முடிந்தது. அதோடு காற்றும் முடிந்தது. லேசு மெல்ல வந்து தண்ணீரில் படுத்தது. நான் மிதந்தபடி லைனைச் சுற்ற ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் சேகர் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு குதித்ததையும், இரண்டு முறை மூழ்கி எழுந்ததையும் பார்த்தேன். "அறுத்துட்டன்! இழுங்க!" என்று அவன் கத்தியதைக் கேட்டேன். மதியைப் படகில் போட்டார்கள். கெண்டைக்காலில் ரத்தம். கால் இருந்தது.

பிறகு படகு என் பக்கம் வந்தது.

நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "இப்படியே பிடிச்சுக்கிட்டு வரேன். மெதுவா துடுப்புப் போடுங்க."

மாமனார் மேற்கே பார்த்தார். கரையில் மணல் புகையாக எழும்பியிருந்தது. காற்று வந்துகொண்டிருந்தது.

"ஏறும்மா."

"இல்ல, நீங்கதான் பொம்பள ஏறக்..."

"நான்தான் சொன்னேன். நான்தான் ஏறுங்கறேன். ஏறு."

அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் போட்டார். அடுத்து லேசை எட்டிப் பிடித்து, ஒரே கையில் படகுக்குள் எடுத்தார். பதினேழைத் தூக்க சேகரும் அவரும் சேர்ந்து மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அதன் காற்றுக் குழாயின் மூடியை நான் பிடுங்கித் திறந்து, துணியின்மேல் படுத்து நசுக்கிக்கொண்டிருக்கும்போதே மேற்குக் காற்று வந்து அடித்தது. படகே திரும்பியது. என் உடம்புக்கு அடியில் அந்தத் துணி ஒரு மாடு எழுந்திருக்கப் பார்ப்பது போலத் துள்ளியது. அது எழும்பவில்லை. மதி தன் காலைப் பார்த்துக்கொண்டான்.

கரைக்குப் பாதி வழியில் மாமனார்தான் வாயைத் திறந்தார்.

"மாப்ள, எத்த எடுக்கச் சொன்னிச்சு இந்தப் பொண்ணு?"

"அந்தச் சின்னத, மாமா."

"அப்புறம் ஏன் எடுக்கல?"

மதி சேகரைப் பார்த்தான். சேகர் கடலைப் பார்த்தான்.

"லேசுன்னு சொன்னாங்க மாமா" என்றான் மதி கடைசியில்.

கிழவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ஜினைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "லேசா! எவண்டா அதுக்கு அப்புடிப் பேரு வச்சது?"

பேர் வைத்தது நாங்கள் எல்லோரும்தான். அதை அங்கே சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். சரியான கைட்டைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலை. கரையில் யார் நிற்கிறார்கள், எந்த வார்த்தை அவர்கள் காதில் எப்படி விழும் என்று பார்த்து, அந்தக் கைட்டைத் தலைநிமிர்ந்து எடுத்துப் போகும்படி ஒருவனிடம் கொடுப்பது மீதிப் பாதி.

ஊர் சம்மதித்தது. ஆனால் மீட்புப் படகு அவர்களுடையதாக இருக்க வேண்டும், அது எந்தப் பக்கமாக வர வேண்டும் என்று கரையிலிருந்து நான் சொல்ல வேண்டும் என்றார்கள். அந்தப் படகை ஓட்டுவது சேகர்தான் என்று உங்களுக்குத் தெரியும். அவனிடம் கொஞ்சம் மரியாதையாக இருங்கள், ஆனால் விசில் அடித்தால் மட்டும் கேட்காதீர்கள்.

மதி கால் கட்டோடு வேலைக்குத் திரும்பிய அன்று காலையில் நான் வரும்போது ஷெட்டில் மார்க்கர் வாசனை அடித்தது. அந்த ஒல்லிப் பையின்மேல் புதிதாக ஒரு பேர். நான் அதைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தேன்.

"எங்க மாமியார் ஊர்ல பெரியவர யாரும் வேணாம்னு சொல்ல முடியாது" என்றான், பம்ப்பைத் துடைத்துக்கொண்டே.

அன்றிலிருந்து காற்று குறைந்த நாளில் சேகர் போன் செய்தால் ஒரே வார்த்தைதான்: "காத்து இல்ல, பெரியவர அனுப்பு." எவ்வளவு மீசை முறுக்குகிறவனும் வந்து கேட்டு வாங்கிப் போகிறான். லேசு என்று அதைக் கூப்பிட்டு வாங்கியவன் இதுவரை யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை எனக்குச் சால்வை போடும்போது பேசச் சொல்லாதீர்கள். அன்று சாயங்காலம் கைட்டுகளைக் கரையிலிருந்து ஷெட்டுக்குத் தூக்கி வைக்கும்போது ஒரு பையை மட்டும் எனக்கு விட்டுவையுங்கள். என் முழங்கால் தூக்க விடுகிற பை அது ஒன்றுதான்.